கிண்ணம் யாருக்குச் சொந்தம்?



2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் 45ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பள்ளிச் சதுரங்கக் கழகத்துப் பிள்ளைகள் காலையில் வந்ததும் முதல் வேலையாக முந்தைய நாள் முடிவுகளைத்தான் என்னிடம் கேட்பார்கள். குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி ஆகியோரெல்லாம் அவர்களுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன், அக்காளைப் போல ஆகிவிட்டிருந்தனர்.

அந்த நாள்களில்தான் வேறொரு செய்தியும் வந்தது. 2022இல் மாமல்லபுரத்தில் இந்தியா வென்ற நோனா கப்ரிந்தாஷ்விலி கிண்ணத்தைக் காணவில்லை! புடாபெஸ்ட் போட்டிக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டிய கிண்ணம் அது. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்று இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பே ஒப்புக்கொண்டது. மாற்றாக அதே போன்ற இன்னொன்றைச் செய்ய வேண்டிய நிலை வந்தது.

இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அது அவர்கள் ஜெயித்த கிண்ணம்தானே? அவர்கள் பொருளை அவர்கள் தொலைத்தால் மற்றவர்களுக்கு என்ன?” என்று கேட்டான். மற்ற பிள்ளைகளும் தலையாட்டினார்கள். “அது சுழற்கிண்ணம், திருப்பிக் கொடுக்க வேண்டும்” என்று ஒரு வரியில் சொல்லி அமர்த்திவிட்டேன். அந்த விடை எனக்கே போதவில்லை. அவனுக்கு முழுமையாக விடை சொல்ல வேண்டுமென்றால் ஏறத்தாழ நூறு ஆண்டுக் கதையைச் சொல்ல வேண்டும். அடுத்து வந்த இரண்டு கழகக் கூட்டங்களில் சொன்னேன். அதைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

கதையின் தொடக்கம் பாரிஸ் நகரில் இருக்கிறது. 1924இல் அங்கே ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்தபோது, அவற்றை ஒட்டிச் சதுரங்கப் போட்டி ஒன்றையும் நடத்தினார்கள். 18 நாடுகளிலிருந்து 54 ஆட்டக்காரர்கள் வந்தனர். அவ்வாண்டு ஜூலை 20ஆம் நாள், 15 நாடுகளின் பேராளர்கள் அங்கேயே கையொப்பமிட்டு அனைத்துலகச் சதுரங்கக் கூட்டமைப்பைத் தோற்றுவித்தனர். ‘ஃபிடே’ என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். ‘நாம் அனைவரும் ஒரே இனம்’ என்னும் பொருளுடைய இலத்தீன் தொடர் அதன் முழக்கமாயிற்று. நம் கணியன் பூங்குன்றனாரின் நினைவு வந்தால் அது என் குற்றமன்று.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1927 ஜூலையில், இலண்டனில் 16 நாடுகளின் அணிகள் கூடின. முறைப்படி நடந்த முதல் சதுரங்க ஒலிம்பியாட் இதுவே. அணிக்கு நான்கு பலகைகள், பதினைந்து சுற்றுகள். ஹங்கேரி 60க்கு 40 புள்ளிகள் பெற்று வென்றது. டென்மார்க் இரண்டாவதாகவும் இங்கிலாந்து மூன்றாவதாகவும் வந்தன. வெல்லும் அணிக்கென ஒரு கிண்ணத்தை நன்கொடையாக வழங்கியவர் பிரடெரிக் ஹாமில்டன்-ரசல் என்னும் ஆங்கிலேயச் செல்வந்தர். கிண்ணம் அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. அவரைப் பற்றிச் சதுரங்க உலகில் வேறு பேச்சே பெரும்பாலும் கிடையாது. ஒரு கிண்ணம் கொடுத்தார், பெயர் நின்றுவிட்டது.

அந்தக் கிண்ணத்திற்கு ஒரு நெறி உண்டு. வென்ற நாடு அதை அடுத்த போட்டிவரை வைத்திருக்கலாம். அடுத்த போட்டியில் புதிய வெற்றியாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். எத்தனை முறை வென்றாலும் இதுவே நெறி.

இது எல்லாக் கிண்ணங்களுக்கும் உள்ள நெறியன்று. காற்பந்து உலகத்தை எண்ணிப் பாருங்கள். ஜூல்ஸ் ரிமே கிண்ணத்தை மூன்று முறை வென்றதால் 1970இல் பிரேசில் அதைத் தனக்கே சொந்தமாக்கிக்கொண்டது. 1983இல் ரியோ டி ஜெனீரோவில் அது களவு போயிற்று. பிறகு கிடைக்கவே இல்லை. சதுரங்கத்தில் சோவியத் ஒன்றியம் 18 முறை வென்றது. ஆனாலும் கிண்ணம் அதற்குச் சொந்தமாகவில்லை. என் மாணவனுக்கு நான் சொன்ன விடையின் முதற்பகுதி இதுதான்.

இனி அந்தக் கிண்ணம் கைமாறிய கதை. 1927, 1928 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அது ஹங்கேரியிடம் போனது. 1930இல் ஹாம்பர்க் நகரில் போலந்து வென்றது. அந்த அணியின் முதல் பலகையில் ஆடியவர் அகிபா ரூபின்ஸ்டைன். 17 ஆட்டங்கள், 13 வெற்றிகள், 4 சமநிலைகள், தோல்வியே இல்லை. பிள்ளைகள் இந்தக் கணக்கைக் கேட்டு வாய்பிளந்தார்கள். பிறகு 1931, 1933, 1935, 1937 என்று தொடர்ந்து நான்கு முறை அமெரிக்கா.

1939இல் போட்டி முதன்முறையாக ஐரோப்பாவை விட்டு வெளியே சென்றது. அர்ஜெண்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரம். ஐரோப்பிய அணிகளுள் பெரும்பாலானவை ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் ‘பிரியாபோலிஸ்’ என்னும் கப்பலில் ஏறி, ஒன்றாகவே அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வந்தன. 27 அணிகள். ஆகஸ்டு மாதம் ஆட்டம் தொடங்கியது. இறுதிச் சுற்றுகளுக்கான நேரத்தில், செப்டம்பர் 1ஆம் நாள், ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தது.

இந்த இடத்தில் நான் பிள்ளைகளிடம் சற்று நேரம் பேசாமல் நின்றேன். ஒரே கப்பலில் வந்தவர்கள், ஒரே மண்டபத்தில் ஆடிக்கொண்டிருப்பவர்கள். அவர்களுடைய நாடுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கின்றன. வீட்டுக்குத் திரும்ப வழி தெரியவில்லை. என்ன செய்திருப்பார்கள்?

இங்கிலாந்து இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றிருந்தும் விலகிக்கொண்டது. அந்த அணியிலிருந்த அலெக்சாண்டர், மில்னர்-பேரி, கோலம்பெக் ஆகிய மூவரும் பின்னர் பிளெட்ச்லி பார்க்கில் பகைவரின் மறைகுறியீடுகளை உடைக்கும் பணியில் சேர்ந்தனர். எஞ்சிய அணிகள் ஆட்டத்தைத் தொடர்ந்தன. ஆனால், ஜெர்மனியும் போலந்தும் ஒன்றையொன்று எதிர்கொள்ள வேண்டிய சுற்றில் காய்கள் நகரவில்லை. ஆடாமலேயே 2-2 என்று புள்ளிகளைப் பகிர்ந்துகொண்டார்கள். ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் இடையிலும் அப்படியே. முடிவில் ஜெர்மனி 36 புள்ளி, போலந்து 35½ புள்ளி. அரைப் புள்ளியில் கிண்ணம் ஜெர்மனிக்குப் போயிற்று.

போலந்து அணியில் ஆடிய மிகேல் நைதோர்ஃப் ஊர் திரும்பவில்லை. அவர் யூதர். அர்ஜெண்டினாவிலேயே தங்கிவிட்டார். போலந்தில் விட்டுவந்த அவருடைய குடும்பத்தார் யூதப் படுகொலையில் மாண்டனர். 1947இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில், கண்ணால் பலகையைப் பாராமல் ஒரே நேரத்தில் 45 பேரோடு ஆடி அவர் உலகச் சாதனை படைத்தார். இத்தகைய சாதனை நாளிதழ்களில் வந்தால், எங்கேயாவது உயிரோடிருக்கும் உறவினர் யாராவது கண்டு தம்மைத் தேடி வரமாட்டார்களா என்னும் ஏக்கமும் அதற்குள் இருந்ததாக அவர் கூறியுள்ளார். எவரும் வரவில்லை.

வென்ற ஜெர்மானிய அணியின் கதையும் விந்தையானது. எலிஸ்கேசஸ், மிகேல், எங்கெல்ஸ், பெக்கர், ரைன்ஹார்ட் ஆகிய ஐவருமே ஜெர்மனிக்குத் திரும்பாமல் தென்னமெரிக்காவில் தங்கிவிட்டனர். வெற்றி பெற்ற நாட்டுக்கு வெற்றி பெற்றவர்கள் திரும்பவில்லை!

இந்த ஐவருள் ஆல்பர்ட் பெக்கரைக் குறித்து ஒரு பழங்கதை உண்டு. 1929இல் கார்ல்ஸ்பாட் போட்டியில் ஆண்களோடு வேரா மென்ச்சிக் என்னும் இளம்பெண்ணும் ஆட வந்தார். “இவரிடம் தோற்பவர்களையெல்லாம் ‘வேரா மென்ச்சிக் கழகம்’ என்று ஒன்று அமைத்து அதில் உறுப்பினர்களாகச் சேர்த்துவிடலாம்” என்று பெக்கர் கேலி பேசினார். அந்தக் கழகத்தின் முதல் உறுப்பினரானவர் பெக்கரேதான். பின்னாளில் உலக வாகையரான மாக்ஸ் ஆய்வேயும் அந்த ‘உறுப்பினர்’ பட்டியலில் இடம்பெற்றார். வகுப்பில் பெண்பிள்ளைகள் இந்தக் கதையை மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

மாஸ்கோவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய வேரா மென்ச்சிக், 1927இல் இலண்டன் ஒலிம்பியாட்டோடு சேர்ந்து நடந்த முதல் மகளிர் உலக வாகையர் போட்டியை வென்றவர். அதன்பின் 1939இல் பியூனஸ் அயர்சில் நடந்தது உள்பட அத்தனை மகளிர் உலகப் போட்டிகளையும் அவரே வென்றார். அங்கிருந்து இலண்டனுக்குத் திரும்பினார். 1944 ஜூன் மாதம், ஜெர்மனி ஏவிய பறக்கும் குண்டு ஒன்று தெற்கு இலண்டன் கிளாப்பம் பகுதியில் அவருடைய வீட்டின்மீது விழுந்தது. வேராவும், தங்கை ஒல்காவும், தாயாரும் ஒன்றாக மாண்டனர். அப்போதும் உலக வாகையர் அவர்தாம்.

1957இல் நெதர்லாந்தின் எம்மன் நகரில் மகளிருக்கெனத் தனி ஒலிம்பியாட் முதன்முறையாக நடந்தது. 21 நாடுகள் கலந்துகொண்டன. மகளிர் அணிக்குரிய கிண்ணத்திற்கு இடப்பட்ட பெயர் வேரா மென்ச்சிக் கிண்ணம். ஹாமில்டன்-ரசல் கிண்ணம் கொடுத்தவரின் பெயரைத் தாங்குகிறது. இது ஆடியவரின் பெயரைத் தாங்குகிறது. இரண்டாவது முறைதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

போருக்குப் பின் ஆடவர் போட்டி மீண்டும் நடப்பதற்குப் பதினோர் ஆண்டுகள் ஆயின. 1950இல் டுப்ரோவ்னிக் நகரில் 16 அணிகள் கூடின. போட்டியை நடத்திய யூகோஸ்லாவியாவே வென்றது. 1952இல் ஹெல்சிங்கியில் முதன்முறையாகக் களமிறங்கிய சோவியத் ஒன்றியம் அன்று கையிலெடுத்த கிண்ணத்தை 1974வரை கீழே வைக்கவில்லை. 1976இல் போட்டி இஸ்ரேலின் ஹைஃபாவில் நடந்ததால் சோவியத்தும் அரபு நாடுகளும் புறக்கணித்தன, அமெரிக்கா வென்றது. 1978இல் சோவியத் அணியைப் பின்னுக்குத் தள்ளி ஹங்கேரி வென்றது. 1928க்குப் பிறகு சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்நாட்டுக்குக் கிண்ணம் மீண்டும் வந்தது. 1980 முதல் 1990 வரை மறுபடியும் சோவியத்.

இந்த இடத்தில் வகுப்பிலிருந்த உலக வரைபடத்தைக் காட்டி, “இத்தனை முறை வென்ற சோவியத் ஒன்றியம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்” என்றேன். பிள்ளைகள் எழுந்து வந்து தேடினார்கள். ஒருவன் ஆப்பிரிக்காவில்கூடத் தேடினான். கிடைக்கவில்லை. யூகோஸ்லாவியாவையும் தேடச் சொன்னேன். அதுவும் இல்லை. வென்ற நாடுகளே வரைபடத்தில் இல்லாமற்போய்விட்டன. கிண்ணம் மட்டும் அடுத்த அணிக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. கேள்வி கேட்ட மாணவன் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவனிடம் ஒன்றும் விளக்கவில்லை.

1992இல் மணிலாவில் போட்டி நடந்தபோது பழைய சோவியத் நாடுகள் தனித்தனிக் கொடிகளோடு வந்தன. ஆடவர் பிரிவில் ரஷ்யா வென்றது. அந்த அணியில் விளாடிமிர் கிராம்னிக் என்னும் 16 வயதுப் பையனும் இருந்தான். மகளிர் பிரிவில், அதுவரை சோவியத் அணிக்குத் தூணாக விளங்கிய ஜார்ஜியப் பெண்கள் தங்கள் சொந்தக் கொடியின்கீழ் வென்றார்கள்.

அந்த ஜார்ஜியாவின் மகள்தான் நோனா கப்ரிந்தாஷ்விலி. 1941இல் பிறந்து, 1962 முதல் 1978 வரை மகளிர் உலக வாகையராகத் திகழ்ந்தவர். 1978இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி. 1997இல் ஃபிடே அவர் பெயரால் மூன்றாவது கிண்ணம் ஒன்றை ஏற்படுத்தியது. ஒரு நாட்டின் ஆடவர் அணியும் மகளிர் அணியும் பெறும் நிலைகளைச் சேர்த்துக் கணக்கிட்டு, அவற்றுள் சிறந்த நாட்டுக்கு இக்கிண்ணம் தரப்படுகிறது. எனக்குத் தோன்றுகிறது, மூன்று கிண்ணங்களுள் பள்ளிக்கூடங்களுக்கு மிகவும் பொருத்தமானது இதுவே. ஆண்பிள்ளைகள் மட்டும் திறமையாக ஆடினால் இது கிடைக்காது.

நம் வட்டாரத்திற்கும் இந்தக் கதையில் பங்குண்டு. ஆசிய அணிகளுக்கான சதுரங்க வாகையர் போட்டி முதன்முதலில் நடந்த இடம் நம் பினாங்கு, ஆண்டு 1974. வென்றது பிலிப்பைன்ஸ். அதே ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டின் யூஜின் டோரே ஆசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். இன்று இந்தியாவையும் சீனாவையும் மட்டுமே பார்க்கும் பிள்ளைகளுக்கு இது வியப்பாக இருக்கிறது.

2022இல் ரஷ்யாவில் நடைபெறவிருந்த ஒலிம்பியாட், உக்ரைன் போர் மூண்டதால் அங்கிருந்து மாற்றப்பட்டுச் சென்னைக்கு வந்தது. சில மாதங்களே இருந்தன. வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ சின்னமாயிற்று. சென்னை நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் சதுரங்கப் பலகையாயிற்று. மாமல்லபுரத்தில் ஆடவர் கிண்ணத்தை உஸ்பெகிஸ்தானின் இளைஞர்கள் வென்றார்கள். வேரா மென்ச்சிக் கிண்ணத்தை உக்ரைன் பெண்கள் வென்றார்கள். குண்டுவீச்சில் மாண்ட ஒருவரின் பெயரைத் தாங்கிய கிண்ணம், குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்டுக்குப் போயிற்று. செய்தித்தாளில் இதை எவரும் குறிப்பிட்டதாக நான் பார்க்கவில்லை.

முதல் எட்டு ஆட்டங்களையும் வென்ற குகேஷ், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம், வெல்ல வேண்டிய ஆட்டத்தில் தோற்றார். அவர் இடம்பெற்ற இந்திய இரண்டாம் அணிக்கு வெண்கலம். மகளிர் அணிக்கும் வெண்கலம். ஆடவர், மகளிர் அணிகளின் நிலைகளைக் கூட்டிப் பார்த்ததில் இந்தியாவுக்குக் கிடைத்ததுதான் கப்ரிந்தாஷ்விலி கிண்ணம். பிறகு காணாமற்போன அதே கிண்ணம்.

2024 செப்டம்பர் 22 அன்று புடாபெஸ்டில் இந்திய ஆடவர் அணியும் மகளிர் அணியும் தங்கம் வென்றன. ஹாமில்டன்-ரசல் கிண்ணமும் வேரா மென்ச்சிக் கிண்ணமும் முதன்முறையாக இந்தியாவின் கைக்கு வந்தன. மூன்றாவது கிண்ணத்தையும் இந்தியாவே மீண்டும் வென்றது. தொலைத்தவர்களே வென்றதால் கேட்பார் இல்லாமற்போயிற்று என்று சிலர் வேடிக்கையாகச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் வேறு.

எங்கள் பள்ளியின் பொருளறையில், உடைந்த பூகோளப் பந்துக்கும் பழைய மரக்கவராயங்களுக்கும் நடுவே ஓர் அட்டைப்பெட்டி பல்லாண்டுகளாகக் கிடந்தது. அதில் ஒரு கிண்ணம் இருப்பது எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் எங்கள் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகள் சில சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு சதுரங்கப் போட்டி நடத்தின. பெரும்பாலும் தோட்டப்புறப் பள்ளிகள். ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளி போட்டு வாங்கிய சுழற்கிண்ணம் அது. ஏழு ஆண்டுகள் போட்டி நடந்தது. ஏழாம் ஆண்டு எங்கள் பிள்ளைகள் வென்றார்கள். அவர்களுக்குப் பயிற்சியளித்தவன் நான்தான். பெயர் பொறித்த தகட்டைக் கிண்ணத்தின் அடிக்கட்டையில் பதித்துத் தருவதாகச் சொல்லி வீட்டுக்கு எடுத்துப் போனேன். தகட்டைப் பதித்தேன். அடுத்த ஆண்டு போட்டி நடக்கவில்லை. போட்டியை நடத்திய ஆசிரியர்கள் மாற்றலாகிப் போனார்கள். சிலர் பணி ஓய்வு பெற்றார்கள். கிண்ணத்தை எவரும் கேட்கவில்லை. நானும் திருப்பிக் கொடுக்க எவரையும் தேடவில்லை. ஒருநாள் பள்ளிப் பொருளறையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அந்த மாணவனின் கேள்விக்குப் பிறகுதான் பெட்டியை வெளியே எடுத்தேன். கறுத்துப் போயிருந்தது. பிள்ளைகள் திருநீறு கொண்டு தேய்த்துத் துலக்கினார்கள். அடிக்கட்டையில் ஏழு தகடுகளும் தெரிந்தன. பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்கள். அவற்றில் இரண்டு பள்ளிகளை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. தோட்டங்கள் விற்கப்பட்டபோது அந்தப் பள்ளிகளும் இருந்த இடத்தில் இல்லாமற்போயின. “ஐயா, இதுவும் சோவியத் மாதிரியா?” என்று அவன் கேட்டான்.

கிண்ணம் இப்போது ஆசிரியர் அறையில், என் மேசைமீது இருக்கிறது. வரும் பள்ளி விடுமுறைக்குள் பக்கத்துப் பள்ளிகள் நான்கின் சதுரங்கக் கழகப் பொறுப்பாசிரியர்களோடு பேசி, எட்டாம் ஆண்டுப் போட்டியை எங்கள் பள்ளி மண்டபத்தில் நடத்த எண்ணியிருக்கிறேன். தலைமையாசிரியர் இசைவு தந்துவிட்டார். பெற்றோர் ஆசிரியர் சங்கம் மதிய உணவைப் பார்த்துக்கொள்வதாகக் கூறியுள்ளது. வீரமும் வெற்றியும் பிள்ளைகள் பாடு. வெல்பவர்கள் கிண்ணத்தை எடுத்துப் போகும்போது ஒரு குறிப்பேட்டில் கையொப்பமிட வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

அந்தப் பழைய போட்டியை நடத்திய ஆசிரியர்கள் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், கிண்ணம் பழுதில்லாமல் இருக்கிறது என்று தெரிவித்துக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுகள் வைத்துக்கொண்டதற்கு என்னைப் பொறுத்தருள வேண்டும். முதல் மூன்று தகடுகளில் ஆண்டு மட்டும் தெளிவாக இருக்கிறது. ஆடிய பிள்ளைகளின் பெயர்கள் தேய்ந்துவிட்டன. உங்களுக்கு நினைவிருந்தால் எழுதுங்கள். போட்டிக்கு முன் புதிய தகடு செய்ய வேண்டும்.